இறுக்குவதற்கு முன் தேடுங்கள்: லைவ் ஸ்டீம் மாடல் எஞ்சினில் ஆவிக் கசிவு

மே மாதம், தருமபுரி, பகல் 12 மணி. நிஜ ஆவியில் ஓடும், 3 கிலோ பிரஷரில் நிற்கும் மாடல் ரயில் எஞ்சின் எங்கே ஒழுகுகிறது என்று அந்த வெயிலில் கண்ணுக்குத் தெரியாது. வெளியே வந்த ஆவி அப்படியே சூட்டில் கரைந்துவிடும். அதே எஞ்சினை ஜனவரி விடியலில் ஓசூரில் ஏற்றினால் ஊசிமுனைக் கசிவுகூட பெரிய புகைமண்டலமாகத் தெரியும். நன்றாக இருக்கும் எஞ்சினையும் பிரித்துப்போடத் தோன்றும். அதனால் வெண்புகையின் அளவைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இன்னொன்று: துளையை விட்டு வெளியே வரும் ஆவி முதலில் நிறமற்றது. கொஞ்ச தூரம் போய்க் குளிர்ந்த பிறகுதான் வெள்ளையாகும். புகை தொடங்கும் இடம் கசிவின் இடம் அல்ல, கசிவு அதற்கும் உள்ளே இருக்கிறது.

இதற்கு நல்ல கருவி சமையலறையில் இருக்கிறது. ஒரு எவர்சில்வர் ஸ்பூனைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கி, துடைத்து, சந்தேகப்படும் இணைப்பிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பிடியுங்கள். கசிவு இருந்தால் நொடியில் பனி படியும். ஸ்பூனை நகர்த்திக்கொண்டே போனால் எந்த நட், எந்தப் பக்கம் என்பதுவரை தெரிந்துவிடும். விரலை வைத்துப் பார்க்காதீர்கள். 3 கிலோவில் ஆவியின் சூடு 143 டிகிரிக்கு மேல்.

கீழே சொல்வதெல்லாம் 45 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும், செம்பு பாய்லர், கேஸ் பர்னர், ஸ்லைடு வால்வு (சிலிண்டருக்கு ஆவியை மாற்றி மாற்றி விடும் சறுக்குத் தகடு) உள்ள சிலிண்டர் கொண்ட எஞ்சினை மனதில் வைத்து. (மொரப்பூரிலிருந்து 1906-இல் தருமபுரிக்கும் 1913-இல் ஓசூருக்கும் வந்த பழைய நேரோகேஜ் பாதையின் அகலம் 762 மி.மீ. அந்த வண்டியை 45 மி.மீ. பாதையில் செய்ய நினைப்பவர்களுக்கு அளவு கிட்டத்தட்ட 17-க்கு 1.) கரி போட்டு ஓட்டும் பெரிய எஞ்சின்களில் மாறுபடும் இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறோம்.

பிரஷர் இருக்கும்போது ஸ்பேனரைத் தொடக் கூடாது. எம்2 பித்தளை ஸ்க்ரூ சூட்டில் அரைத் திருகிலேயே தலை துண்டாகும், அந்த ஓட்டை வழியாக வருவது கொதிநீர். சூட்டில் தேடுங்கள், சாக்பீஸால் குறி போடுங்கள், ஆறிய பிறகு கை வையுங்கள்.

எந்தப் பக்கம் போகிறது?

கசிவை முதலில் இரண்டாகப் பிரியுங்கள்: வெளியே தெரிவது, புகைபோக்கி வழியாக ஒளிந்து போவது. இரண்டாவதுதான் வண்டியின் சக்தியைத் தின்பது. வெளியே ஒரு சொட்டும் இல்லை, ஆனாலும் எஞ்சின் இரண்டு பெட்டியை இழுக்கத் திணறுகிறது, 20 நிமிடம் வர வேண்டிய தண்ணீர் 12 நிமிடத்தில் தீர்கிறது என்றால் அங்கேதான் தேட வேண்டும்.

ரெகுலேட்டரை (பாய்லரிலிருந்து சிலிண்டருக்கு ஆவியைத் திறந்துவிடும் ஊசி வால்வு) முழுக்க மூடுங்கள். கரி எஞ்சினாக இருந்தால் புளோவரையும் (புகைபோக்கியில் ஆவியை ஊதி நெருப்பை இழுக்கும் குழாய்) மூடுங்கள், இல்லாவிட்டால் அதன் சத்தமே ஏமாற்றும். இப்போதும் புகைபோக்கியில் 'ஸ்ஸ்' என்று கேட்டால், அல்லது ரிவர்சரைப் (ஓடும் திசையை மாற்றும் நெம்புகோல்) போட்டதும் சக்கரம் தானாக நகரப் பார்த்தால், ரெகுலேட்டர் ஊசி தன் இருக்கையில் சரியாக உட்காரவில்லை. மூடியபோது அமைதி, திறந்தவுடன் 'சஃப் சஃப்' என்ற தனித்தனி அடிக்குப் பதில் ஒரே நீள இரைச்சல் என்றால் வால்வு அல்லது பிஸ்டன். எது என்பதைக் கீழே பிரிப்போம்.

ரெகுலேட்டர் ஊசி கெடுவது பெரும்பாலும் நம் கைவரிசையால்தான். மூடும்போது பலமாக முறுக்கினால் ஊசியின் கூம்பில் வளையம் போலப் பள்ளம் விழும். ஊசியைக் கழற்றி லேத்தில் மெதுவாகச் சுழலவிட்டு, 1200 எமரி பேப்பரில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அந்த வளையம் மறையும்வரை தேய்த்தால் போதும். பாய்லர் பக்கத்து இருக்கையைக் குடையாதீர்கள்.

மரை, நட், கூம்பு இணைப்பு

வெளியே தெரியும் கசிவுகளில் பெரும்பங்கு இங்கேதான்: பிரஷர் கேஜ் இணைப்பு, தண்ணீர் நிரப்பும் மூடி, கிளாக் வால்வு (பாய்லருக்குள் தண்ணீரை விட்டு, திரும்ப வராமல் தடுப்பது), விசில், லூப்ரிகேட்டர் (சிலிண்டருக்கு எண்ணெய் விடும் கிண்ணம்) குழாய். குழாயைப் பிணைக்கும் யூனியன் நட் கசிந்தால் உடனே இறுக்கத் தோன்றும். முதலில் கழற்றி உள்ளே உள்ள கூம்பு நிப்பிளைப் பாருங்கள். மார்க்கர் மையை அதில் பூசி, கையால் மட்டும் நட்டைப் போட்டுத் திரும்பக் கழற்றுங்கள். மை வட்டமாக முழுச் சுற்றும் அழிந்திருந்தால் கூம்பு நல்லது. ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் குழாய் கோணலாக வருகிறது என்று பொருள், எவ்வளவு இறுக்கினாலும் அது நிற்காது. குழாயைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு மென்மையாக்கி, நட் இல்லாமலே நிப்பிள் தன் குழியில் நேராக உட்காரும்படி வளையுங்கள்.

இறுக்கும்போது எப்போதும் இரண்டு ஸ்பேனர். ஒன்று நட்டில், இன்னொன்று அதைத் தாங்கும் ஃபிட்டிங்கில். ஒற்றை ஸ்பேனரில் முறுக்கினால் அந்தப் பலம் முழுவதும் மெல்லிய குழாயிலும் பாய்லர் புஷ்ஷிலும் (பாய்லரில் பொருத்திய மரை வளையம்) இறங்கும். நட் கசிவைச் சரிசெய்யப் போய் குழாயை முறுக்கி உடைப்பது இப்படித்தான்.

பாய்லர் புஷ்ஷில் நேராக ஏறும் மரைகளுக்கு டெஃப்லான் டேப் போதும் என்பது பிளம்பர் பழக்கம். இங்கே அதில் ஒரு சிக்கல். டேப்பின் நார் ஒன்று பிய்ந்து உள்ளே போனால் லூப்ரிகேட்டரின் நுண்துளையையோ கிளாக் வால்வையோ அடைத்துவிடும். டேப்தான் சுற்ற வேண்டும் என்றால் முதல் இரண்டு மரையை வெறுமையாக விட்டு, மரை ஏறும் திசையில் ஒன்றரைச் சுற்று மட்டும். எங்கள் தேர்வு லாக்டைட் 567 போன்ற டெஃப்லான் கலந்த மரைப் பசை. அசிட்டோனில் இரு பக்கமும் எண்ணெய்ப் பசை போகக் கழுவி, ஆண் மரையில் இரண்டாவது மரையிலிருந்து மெல்லியதாகப் பூசி, 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். போல்ட் கழலாமல் இருக்கப் போடும் நீலப் பசையைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். அது வேறு வேலைக்கு.

தண்ணீர் மூடியிலும் லூப்ரிகேட்டர் மூடியிலும் இருப்பது ஓ-ரிங். ஹைட்ராலிக் சீல் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் கறுப்பு நைட்ரைல் ரிங் இந்தச் சூட்டில் சில ஓட்டத்திலேயே கெட்டியாகி வெடிக்கும். எத்திலீன் ரப்பர் ஆவிக்கு நல்லது, ஆனால் ஸ்டீம் ஆயில் பட்டால் ஊதிப்போகும். அதனால் வைட்டான் கேளுங்கள். பழுப்பு, பச்சை என்று நிறத்தை நம்ப முடியாது, கறுப்பு வைட்டானும் வருகிறது. ஒரே அளவில் பத்துப் பத்து ரிங்கை நகைத் தராசில் வைத்துப் பாருங்கள். வைட்டான் நைட்ரைலைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனக்கும். எரித்துப் பார்க்கும் சோதனை வேண்டாம், வைட்டான் புகை விஷம்.

மூடியில் செம்பு வாஷர் இருந்தால் ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் அது கெட்டியாகிறது. கேஸ் அடுப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் திரும்ப மென்மையாகும். காசு செலவில்லாத வேலை, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

சேஃப்டி வால்வு சொட்டினால்

ஸ்பிரிங்கை இறுக்கிக் கசிவை நிறுத்தாதீர்கள். அப்படிச் செய்தால் வால்வு திறக்கும் பிரஷரும் ஏறிவிடும், கேஜும் தப்பாகக் காட்டினால் பாய்லருக்கு வேறு காவல் இல்லை. திறக்கும் அளவுக்கு முன்பே சொட்டுவதற்குக் காரணம் அநேகமாக இருக்கையில் படிந்த உப்பு. வால்வைக் கழற்றி, ஸ்பிரிங் மூடி எத்தனை மரை உள்ளே இருந்தது என்று எண்ணி எழுதிவைத்துக்கொண்டு, பாகங்களை வெதுவெதுப்பான சிட்ரிக் ஆசிட் கரைசலில் (ஒரு டம்ளர் தண்ணீருக்கு இரண்டு டீஸ்பூன் அளவு) 20 நிமிடம் போடுங்கள். இரவெல்லாம் ஊறவிட்டால் பித்தளை சிவந்து துத்தநாகத்தை இழக்கும்.

குண்டு வகை வால்வில் இருக்கை தேய்ந்திருந்தால்: பழைய ஸ்டீல் குண்டை இருக்கையில் வைத்து, பித்தளைக் கம்பி ஒன்றை அதன் மேல் நிறுத்தி, சின்னச் சுத்தியால் ஒரே ஒரு தட்டு. அந்தக் குண்டைத் தூக்கி எறிந்துவிட்டு அதே அளவில் புதிய எஸ்.எஸ். குண்டைப் போடுங்கள். மறுபடி ஏற்றும்போது எந்தப் பிரஷரில் திறக்கிறது என்று தனிக் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே ஓட்டலாம்.

கிளாண்ட்

பிஸ்டன் ராடும் வால்வு ராடும் வெளியே வரும் இடத்தில், ராடைச் சுற்றி ஆவியை அடைக்கும் பகுதி இது. மோட்டார் பம்ப் ரிப்பேர் கடைகளில் கிராஃபைட் கிளாண்ட் கயிறு கிடைக்கும். ஆகச் சின்னதை வாங்கினாலும் நமக்குப் பெரியது. அதன் பின்னலைப் பிரித்து ஒரு இழையை மட்டும் எடுங்கள். பழைய சரக்கில் ஆஸ்பெஸ்டாஸ் கயிறு இருக்கலாம், வெள்ளைச் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டுவதை வாங்காதீர்கள். இழையை ஸ்டீம் ஆயிலில் ஊறவைத்து, நட் ஏறும் திசையிலேயே ராடின் மீது மூன்று நான்கு சுற்று. எதிர்த் திசையில் சுற்றினால் நட்டை ஏற்ற ஏற்ற இழை பிரிந்துகொண்டே வரும். பழைய கயிற்றின் எச்சத்தைக் குண்டூசியால் முழுக்கத் தோண்டி எடுத்த பிறகே புதியது.

நட்டை விரலால் இறுக்குங்கள், பிறகு ஸ்பேனரில் கால் சுற்று, அவ்வளவுதான். ரெகுலேட்டர் மூடிய நிலையில் எஞ்சினைத் தரையில் கையால் தள்ளினால் முன்பு போலவே உருள வேண்டும். உருளக் கனமாக இருந்தால் கிளாண்ட் பிரேக்காகிவிட்டது, தளர்த்துங்கள். ஏற்றும்போது முதல் ஐந்து நிமிடம் கிளாண்டில் லேசாக ஈரம் கசிவதைக் கண்டுகொள்ளாதீர்கள். சூடு ஏறி இழை உப்பியதும் தானே நிற்கும்.

நல்ல இழை போட்டும் இரண்டு நாளில் திரும்பக் கசிந்தால் குற்றம் ராடில். நகத்தால் நீளவாக்கில் வருடிப் பாருங்கள். கோடு தட்டினால் ராடை மாற்ற வேண்டும். இந்த அளவில் எஸ்.எஸ். ராடு கடைந்து, முனையில் மரை போட்டுத் தர ஓசூரின் சின்ன லேத் பட்டறைகளுக்கு முடியும். பழைய ராடைச் சாம்பிளாகக் கொண்டுபோங்கள். அதன் மரையை அளக்காமல் 'எம்3 தானே' என்று சொல்லிவிடாதீர்கள், இங்கிலாந்து எஞ்சின்களில் பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் அளவு மரையும் அங்குலத்துக்கு 40 மரையும் சகஜம்.

வால்வா, பிஸ்டனா?

ஆவி வேண்டாம், காற்று போதும். ரெகுலேட்டருக்கு அடுத்த இணைப்பைக் கழற்றி அங்கே கால் பம்பின் குழாயை மாட்டி 1 கிலோ காற்று கொடுங்கள். பாய்லருக்குள் காற்றை ஏற்ற வேண்டாம், அதற்கான காரணம் கீழே. இரண்டு சிலிண்டரையும் சேர்த்துப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். இடது பக்கத்து ஆவிக் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு வலதை மட்டும் பாருங்கள், பிறகு மாற்றிச் செய்யுங்கள்.

வலது கிராங்க் பின் (சக்கரத்தில் தண்டு மாட்டும் முளை) நேர் மேலே, ரிவர்சர் நடுவில். இந்த நிலையில் வால்வு நடுவே நின்று இரண்டு போர்ட்டையும் (சிலிண்டருக்குள் ஆவி போகும் துளை) மூடியிருக்க வேண்டும். சக்கரத்துக்கு ஆப்பு வைத்துவிட்டுக் காற்றைத் திறவுங்கள். புகைபோக்கியில் இரைந்தால் வால்வு முகம் கசிகிறது, அல்லது வால்வு நடுவில் இல்லை. அமைதியாக இருந்தால் ரிவர்சரை முழு முன்னே தள்ளுங்கள். ஒரு போர்ட் திறந்து பிஸ்டனின் ஒரு பக்கம் மட்டும் காற்று நிற்கும். இப்போது இரைந்தால் காற்று பிஸ்டனைத் தாண்டி மறுபக்கம் போய் வெளியேறுகிறது. டிரெய்ன் காக் (சிலிண்டர் முனையில் தண்ணீரை வடிக்கும் திருகு) உள்ள எஞ்சினில் இன்னும் எளிது: காற்று போகாத முனையின் காக்கைத் திறந்து, அதன் வாயில் சோப்பு நுரை வையுங்கள். ஓ-ரிங் பிஸ்டன் குளிர்ந்த நிலையில் கொஞ்சம் விடும், மெல்லிய குமிழிக்கெல்லாம் பிரிக்க வேண்டாம்.

வால்வுதான் என்று தெரிந்தால் எமரி பேப்பரை எடுப்பதற்கு முன், ஸ்டீம் செஸ்ட் (வால்வு இருக்கும் பெட்டி) மூடியைக் கழற்றி வால்வை விரல் நுனியால் மேலே தூக்கிப் பாருங்கள். ஸ்லைடு வால்வை அதன் முகத்தில் அழுத்தி வைத்திருப்பது ஆவியின் பிரஷர். ராடில் உள்ள நட்டுக்குள் அது மேலும் கீழும் ஒரு மயிரிழை சுதந்திரமாக ஆட வேண்டும். நட் கெட்டியாகப் பிடித்தால் வால்வு ராடில் தொங்கிக்கொண்டிருக்கும், முகத்தில் உட்காராது. முகத்தைத் தேய் தேய் என்று தேய்த்தும் நிற்காத கசிவுக்குப் பல நேரம் காரணம் இந்த இறுக்கம்தான். நட்டின் பக்கங்களை இரண்டு இழுப்பு அரத்தால் எடுத்தால் சரியாகிவிடும்.

தேய்க்கத்தான் வேண்டும் என்றால் தட்டையான பரப்பு தேவை. கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் பாலிஷ் போட்ட கிரானைட் துண்டு கேட்டால் கிடைக்கும், ஆனால் அதன் பளபளப்பு தட்டைக்குச் சாட்சி அல்ல. 8 மி.மீ. கண்ணாடித் துண்டை அதன் மேல் வைத்துப் பயன்படுத்துங்கள், கிரானைட் கனமான அடித்தளமாக மட்டும் இருக்கட்டும். கண்ணாடியில் 800 வாட்டர் பேப்பரை நனைத்து ஒட்டுங்கள். வால்வின் முகத்தில் கறுப்பு மார்க்கரால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். ஒரே விரலால், நடுவில் மட்டும் அழுத்தி, எட்டு வடிவில் பத்து இழுப்பு. கால் சுற்றுத் திருப்பி இன்னும் பத்து. எடுத்துப் பாருங்கள்: ஓரத்தில் கோடு போய் நடுவில் நின்றால் முகம் குழிந்திருக்கிறது, ஒரு மூலையில் மட்டும் போனால் உங்கள் விரல் சாய்ந்திருக்கிறது. எல்லாக் கோடும் ஒன்றுபோல மங்கும்வரை தேய்த்து, 1200-இல் முடியுங்கள்.

சிலிண்டர் பக்கத்து முகம் கடினம். வால்வைவிடச் சற்றுப் பெரிய பித்தளைத் துண்டைச் சமமாக்கி, அதில் 1200 பேப்பரை ஒட்டி நீளவாக்கில் இழுங்கள். வால்வுக்கும் முகத்துக்கும் நடுவே கிரைண்டிங் பேஸ்ட் போட்டு ஒன்றோடொன்று தேய்ப்பது லாரி எஞ்சின் வால்வுக்குப் பொருந்தும், இங்கே கூடாது. அந்தத் தூள் கன்மெட்டல் (வெண்கல) முகத்தில் பதிந்து நிரந்தர அரமாகிவிடும். வேலை முடிந்ததும் மண்ணெண்ணெய், பிறகு சோப்புத் தண்ணீர், பிறகு போர்ட்டுகளுக்குள் காற்று ஊதல்.

மூடியைத் திரும்பப் போட கேஸ்கெட் வேண்டும். 0.25 மி.மீ. கெட்டிப் பழுப்புக் காகிதத்தை ஸ்டீம் ஆயிலில் ஊறவைத்தால் இந்தப் பிரஷருக்குத் தாங்கும். டூவீலர் ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் 0.5 மி.மீ. கேஸ்கெட் ஷீட்டும் ஸ்டீம் செஸ்டுக்கு ஆகும், ஆனால் சிலிண்டர் முனை மூடிக்கு ஏற்கெனவே இருந்த தடிமனையே போடுங்கள். மெல்லியதைப் போட்டால் பிஸ்டன் மூடியில் தட்டும். ஸ்க்ரூக்களை எதிரெதிராக, ஸ்க்ரூடிரைவரை இரண்டு விரலால் மட்டும் பிடித்து இறுக்குங்கள். சிலிக்கான் பேஸ்ட்டைப் பிதுக்கிப் போடுவது வேண்டாம், பிதுங்கியது போர்ட்டுக்குள் போகும்.

பாய்லரே அழுதால்

புஷ், ஸ்டே (பாய்லர் தகடுகளைப் பிடித்து நிறுத்தும் கம்பி), குழாய் முனை ஆகியவற்றின் பற்றவைப்பில் ஈரம் தெரிந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. ஃபிட்டிங்கிலிருந்து வழிந்து வந்ததா, செம்பிலிருந்தே வருகிறதா என்பதைத் தண்ணீர் சோதனைதான் சொல்லும். சேஃப்டி வால்வையும் கேஜையும் கழற்றி அந்த ஓட்டைகளை அடைத்து, காற்று ஒரு குமிழிகூட இல்லாமல் தண்ணீரை ததும்ப நிரப்புங்கள். பிளம்பர்கள் குழாய் லைன் சோதிக்கும் கை பம்ப் போதும். ஆனால் அதில் உள்ள கேஜ் நம் அளவுக்கு மிகப் பெரியது, 0–10 கிலோ கேஜ் மாட்டிக்கொள்ளுங்கள். ஓடும் பிரஷரின் ஒன்றரை மடங்கு, அதாவது 3 கிலோ எஞ்சினுக்கு 4.5, ஏற்றி 20 நிமிடம் நிறுத்துங்கள். இணைப்புகளில் சாக்பீஸ் தேய்த்துவைத்தால் கசியும் இடம் கறுப்புக் கோடாகத் தெரியும். தண்ணீர் அமுங்காது, அதனால் எங்காவது விட்டால் கேஜ் இறங்கிச் சொட்டுவதோடு சரி. அதே பிரஷரில் காற்று இருந்தால் பாய்லர் வெடிகுண்டு.

இந்தியாவின் கொதிகலன் சட்டம் 25 லிட்டருக்குக் குறைந்த பாய்லரைத் தொடுவதில்லை. நம்முடையதில் அரை லிட்டர்கூட இருக்காது. இன்ஸ்பெக்டர் யாரும் வரப்போவதில்லை, ஆகவே வருடம் ஒருமுறை இந்தச் சோதனையைச் செய்து தேதி எழுதிவைப்பது உங்கள் பொறுப்பு.

செம்பு கசிந்தால் திருத்தம் சில்வர் பிரேசிங்தான். ரேடியோ ஈயத்தால் மேலே பூசி அடைக்காதீர்கள். அது 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும், ஒருமுறை ஈயம் பட்ட இடத்தில் பிறகு சில்வர் ஒழுங்காகப் பிடிக்காது. ஏ.சி. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பாஸ்பரஸ் கலந்த செம்பு ராடு. கரி எஞ்சினில் அது கூடாது, கரிப்புகையின் கந்தகம் அந்த இணைப்பை அரிக்கும். 55 சதவீதம் வெள்ளி உள்ள, காட்மியம் இல்லாத ராடும் அதற்குரிய ஃபிளக்ஸும் கேளுங்கள். உள்ளே இருக்கும் ஸ்டே, ஃபயர் டியூப் என்றால் செய்தவரிடமே அனுப்புவது நல்லது. ஒரு இணைப்பைச் சூடாக்கும்போது பக்கத்து இணைப்பு இளகாமல் பார்த்துக்கொள்வது கைப்பழக்கம் வேண்டும் வேலை.

கசிவைத் திரும்ப அழைப்பவை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போர்வெல் தண்ணீர் கடினமானது, அதாவது உப்பு அதிகம். அந்த உப்பு வால்வு இருக்கையிலும் கிளாக் குண்டிலும் முதலில் படியும். மொட்டைமாடியில் பிடித்து வடிகட்டிய மழைத்தண்ணீர், இல்லையென்றால் பேட்டரிக் கடையின் டிஸ்டில்டு வாட்டர். கேன் தண்ணீரை, கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள், 50-ஐத் தாண்டினால் குடிக்க மட்டும்.

எண்ணெய் 460 கிரேடு ஸ்டீம் சிலிண்டர் ஆயில். பைக்குக்குப் போடும் 20டபிள்யூ40 தண்ணீரோடு கலந்து சாம்பல் நிறப் பாலாடையாகிவிடும், கிளாண்டும் வால்வு முகமும் காய்ந்து தேயும். கியர் ஆயில் கனத்தில் ஒத்துவரும், ஆனால் அதிலுள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் பித்தளையைக் கறுக்கவைக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும், பிரஷர் முழுக்க இறங்கியபின், லூப்ரிகேட்டரில் சேர்ந்த தண்ணீரை சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்து விளிம்புவரை எண்ணெய் நிரப்புங்கள்.

வேலை பார்த்த எஞ்சினை முதல்முறை ஏற்றும்போது 1 கிலோவில் நிறுத்தி ஸ்பூனை எல்லா இணைப்பிலும் காட்டுங்கள். பிறகு 2, பிறகு முழுப் பிரஷர். ஒருமுறை சூடேறி ஆறியதும் கேஸ்கெட் கொஞ்சம் அமுங்கியிருக்கும். மறுநாள் காலை, குளிர்ந்த நிலையில், ஸ்டீம் செஸ்ட் ஸ்க்ரூக்களை எட்டில் ஒரு பங்கு திருகு மட்டும் இறுக்குங்கள்.